நரம்புக்கலக் கொள்கையும் ராமோன் இ கஹாலும் – ஒரு வரலாற்று நோக்கு

அறிவியலின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புக்களின் பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இன்ன ஆண்டில் இன்னார் இன்னதைக் கண்டார் என்ற அளவில் அது நின்றுவிடுகின்றது. பிறர் கண்ட புதுமையொன்றைக் கேள்வியுற்றபோது ஓர் ஆராய்ச்சியாளனின் உள்ளத்தில் எழுந்தது யாது, அவ்வெழுச்சி எவ்வாறு உழைப்பாக மாறிற்று, அதே எழுச்சி சில வேளைகளில் எவ்வாறு அவனது கண்ணையே மறைத்தது என்பன அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. ஆயினும் ஒரு துறை வளர்ந்த வகையை விளங்கிக்கொள்வதற்கு இவை இன்றியமையாதன. நரம்பியலின் தந்தையரில் ஒருவராக மதிக்கப்படும் ஸ்பானிய அறிஞர் சந்தியாகோ ராமோன் இ கஹாலின் வாழ்வு இவ்வகையில் ஆராயத்தக்கது. மருத்துவ உயிரியலின் புதிய கண்டுபிடிப்புக்கள்மீது அவர் கொண்டிருந்த பெருவேட்கை, மனித மூளையைப் பற்றிய கருத்தையே மாற்றியமைத்தது. அவ்வேட்கையின் இயல்பையும் பயனையும் எல்லையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடுபடாத சிக்கல்

கஹால் பிறப்பதற்கு முன்பே உயிரியலில் பெரும் புரட்சியொன்று நிகழ்ந்திருந்தது. 1838இல் சிலைடன் தாவரங்களைப் பற்றியும், 1839இல் சுவான் விலங்குகளைப் பற்றியும் கூறிய கருத்துக்களால் கலக்கொள்கை உருப்பெற்றது. உயிர்ப்பொருள்கள் யாவும் கலங்களால் ஆனவை என்பதே அக்கொள்கை. 1858இல் வேர்க்கோ நோய்களின் தோற்றத்தையும் கலங்களிலேயே தேடவேண்டும் என நிறுவினார். தோல், தசை, ஈரல் முதலிய உறுப்புக்களின் இழையங்கள் ஒவ்வொன்றாக இக்கொள்கைக்குள் அடங்கின. நரம்பிழையம் மட்டும் அடங்க மறுத்தது.

அதற்குக் காரணம் இருந்தது. நரம்புக்கலமொன்றின் உடல் மிகச் சிறியது. ஆனால் அதிலிருந்து புறப்படும் இழைகளோ பல திசைகளிலும் நெடுந்தூரம் செல்வன. மெல்லிய சீவலாக வெட்டி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் அவ்விழைகளின் அறுந்த துண்டுகளே தென்படும். அக்காலச் சாயங்கள் எல்லாக் கலங்களையும் ஒருங்கே நிறமூட்டின. எந்த இழை எந்தக் கலத்துக்கு உரியது என்பதை எவராலும் பிரித்தறிய இயலவில்லை. இந்நிலையில் 1870களின் தொடக்கத்தில் ஜேர்மானிய அறிஞர் கெர்லக், நரம்பிழைகள் யாவும் ஒன்றோடொன்று கலந்து தொடர்ச்சியான ஒரு வலையாக அமைந்துள்ளன என்று கூறினார். வலைக்கொள்கை எனப்படும் இக்கருத்து விரைவில் பலராலும் ஏற்கப்பட்டது.

இது வெறும் உடற்கூற்றுப் பிணக்கு அன்று. மூளை பிரிக்கவொண்ணாத ஒரு வலையாயின், அதன் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தொழில் உண்டு என்று கூறுதல் கடினமாகும். அது தனித்தனிக் கலங்களால் ஆனதாயின், செய்தி எங்கே தொடங்கி எவ்வழியாகச் சென்று எங்கே முடிகின்றது என்று வழிகாணல் இயலும். நினைவு, கற்றல், நோய் ஆகியவற்றை ஆராயும் முறையே இவ்விரண்டில் எது உண்மை என்பதைப் பொறுத்திருந்தது.

1873இல் இத்தாலிய மருத்துவர் கமில்லோ கொல்கி ஒரு புதிய முறையை வெளியிட்டார். அவர் அப்போது அபியாத்தெகிராசோ என்னும் சிற்றூரில், தீராப்பிணியாளருக்கான மருத்துவமனையொன்றில் கடமையாற்றி வந்தார். அங்கே ஒரு சமையலறையே அவருக்கு ஆய்வுகூடமாயிற்று. நரம்பிழையத்தைப் பொற்றாசியம் இருகுரோமேற்றுக் கரைசலில் கெட்டியாக்கிப் பின்னர் வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்தபோது, சில கலங்கள் மட்டும் தம் கிளைகள் யாவற்றுடனும் மஞ்சட் பின்னணியிற் கன்னங்கரேலெனத் தோன்றின. ஆயிரக்கணக்கான கலங்களுள் மிகச் சிலவே நிறம்பெறும் என்பதே இம்முறையின் குறையும் சிறப்புமாகும். எல்லாம் நிறம்பெற்றிருந்தால் மீண்டும் அடர்காடே தோன்றியிருக்கும்.

ஆயினும் கொல்கி தாம் கண்ட காட்சியை வலைக்கொள்கையின் வழியிலேயே விளக்கினார். கலத்தின் குறுகிய கிளைகள் உணவூட்டத்துக்கு உரியன என்றும், நீண்ட தனியிழைகளின் கிளைகளே ஒன்றோடொன்று இணைந்து வலையாகின்றன என்றும் அவர் கருதினார். அவரது முறை எளிதில் வெற்றியளிக்காத காரணத்தால் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் இத்தாலிக்கு வெளியே பெரிதும் கவனிக்கப்படாது கிடந்தது.

ஓவியனாக விரும்பிய மருத்துவன்

கஹால் 1852ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி வட ஸ்பெயினிலுள்ள பெத்தில்லா டி அறகொன் என்னும் மலைக்கிராமத்திற் பிறந்தார். தந்தை கிராமத்து அறுவை மருத்துவர். பெருமுயற்சியால் மேற்கல்வி கற்று உயர்ந்தவர். மகனோ பள்ளிக்கு அடங்காதவன். தானே செய்த பீரங்கியினால் அயலவரின் வாயிற்கதவைத் தகர்த்துச் சிறிது காலம் சிறையிருந்ததை அவர் பிற்காலத்தில் தம் நினைவுநூலில் மறைக்காது எழுதியுள்ளார். சித்திரம் வரைவதே அவருக்கு உயிராக இருந்தது. தந்தை அதனை வீண்வேலை எனத் தடுத்து, முடிதிருத்துவோனிடமும் செருப்புத் தைப்பவனிடமும் தொழில் பழக அனுப்பினார்.

1868ஆம் ஆண்டு கோடைகாலத்தில் தந்தை வேறொரு வழி கண்டார். பழைய இடுகாடொன்றுக்கு மகனை அழைத்துச்சென்று, அங்கே கிடந்த மனித எலும்புகளைக் காட்டி உடற்கூற்றியலைக் கற்பித்தார். எலும்புகளை வரைய முற்பட்ட கைக்கு அவற்றின் அமைப்பும் வசமாயிற்று. தடுக்கப்பட்ட கலை இவ்வாறு அறிவியலுக்குள் வாயில் கண்டது. பிற்காலத்தில் நரம்புக்கலங்களை ஆயிரக்கணக்கான படங்களாக வரைந்த கை இதுவேயாகும்.

1873இல் சரகோசாவில் மருத்துவப் பட்டம் பெற்ற கஹால் படைமருத்துவராகக் கியூபாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே கடும் மலேரியாக் காய்ச்சலுக்கு இலக்காகி 1875இல் நலிந்த உடலோடு தாயகம் திரும்பினார். 1877இல் கலாநிதிப் பட்டத்துக்காக மட்றிட் நகருக்குச் சென்றிருந்தபோது, பேராசிரியர் மயெஸ்திரே டி சான் ஹுவான் என்பாரின் நுணுக்குக்காட்டித் தயாரிப்புக்களைக் கண்டார். அக்காட்சி அவரை ஆட்கொண்டது. படைச்சேவையிற் சேமித்த பணத்தைக் கொண்டு தமக்கென ஒரு நுணுக்குக்காட்டி வாங்கினார். பல்கலைக்கழகம் கருவி தரும் வரை அவர் காத்திருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

கொள்ளைநோயும் ஒரு தெரிவும்

1884இல் வலென்சியாவில் உடற்கூற்றியற் பேராசிரியராகப் பதவியேற்றார். அடுத்த ஆண்டு அந்நகரைக் கொலரா நோய் தாக்கியது. கொக் என்னும் ஜேர்மானிய அறிஞர் அந்நோயின் கிருமியை இனங்காட்டிச் சிறிது காலமே ஆகியிருந்தது. கற்றலோனியாவைச் சேர்ந்த பெரான் என்னும் மருத்துவர் உயிருள்ள கிருமியைக் கொண்டு தடுப்பூசி ஏற்றத் தொடங்கியிருந்தார். ஐரோப்பாவெங்கும் அதுபற்றிப் பெருவிவாதம் மூண்டது. கஹாலும் பற்றீரியவியலின் புதுமையில் தோய்ந்தார். சரகோசா மாகாண ஆட்சியினரின் வேண்டுகோளுக்கிணங்க நோயையும் தடுப்பூசியையும் ஆராய்ந்து அறிக்கை வழங்கினார். அதற்குக் கைம்மாறாக அவர்கள் அவருக்கு அளித்தது ஒரு சைஸ் நுணுக்குக்காட்டியாகும். அக்காலத்தின் மிகச் சிறந்த கருவிகளுள் அது ஒன்று.

இவ்விடத்தில் கஹால் முன் இரு வழிகள் இருந்தன. பாஸ்ரரும் கொக்கும் புகழின் உச்சியிலிருந்த காலம் அது. பற்றீரியவியலே நாளைய துறை எனப் பலரும் கருதினர். எனினும் அத்துறைக்கு விலங்குகளும் வெப்பக்காப்பறைகளும் பெரும் பொருளும் தேவை. இழையவியலுக்கோ ஒரு நுணுக்குக்காட்டியும், சில இரசாயனப் பொருள்களும், பொறுமையுமே போதும். வறிய நாடொன்றின் பேராசிரியர் தம் வருவாயில் எதைச் செய்ய முடியும் என்பதை எண்ணியே அவர் இழையவியலைத் தெரிந்தெடுத்தார். வேட்கை மிக்க ஒருவர் தம் வேட்கையைத் தம் வலுவுக்கேற்ப அளந்துகொண்ட தருணம் இது.

1887 – ஒரு மாலையின் விளைவு

1887இல் தேர்வுக்குழுவொன்றின் உறுப்பினராகக் கஹால் மட்றிட்டுக்குச் சென்றார். அங்கே உளநோய் மருத்துவர் லூயிஸ் சிமாரோவைச் சந்தித்தார். பாரிஸிலிருந்து திரும்பியிருந்த சிமாரோ, கொல்கியின் முறைப்படி கறுத்த கலங்களைக் கஹாலுக்குக் காட்டினார். ஒளி ஊடுருவும் மஞ்சட் பரப்பில், சீனத்து மையால் எழுதிய சித்திரம்போற் கலங்கள் நின்றன என்ற கருத்துப்பட அவர் பின்னர் எழுதினார். ஓவியனாக விரும்பிய ஒருவருக்கு அக்காட்சி எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

ஆயின் ஈண்டு ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். அதே காட்சியைக் கொல்கி பதினான்கு ஆண்டுகளாகக் கண்டு வந்தார். சிமாரோவும் கண்டார், வியந்தார். ஆனால் அம்முறை அடிக்கடி தவறியமையால் பலரும் அதனைக் கைவிட்டனர். வியப்பு எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. கஹாலை வேறுபடுத்தியது, "இம்முறை ஏன் தவறுகின்றது?" என்று அவர் கேட்ட கேள்வியாகும்.

அவர் கண்ட விடை எளியது. முதிர்ந்த விலங்குகளின் நரம்பிழைகளைக் கொழுப்புறையொன்று சூழ்ந்துள்ளது. அவ்வுறை இருக்குமிடத்தில் வெள்ளியுப்புப் படிவதில்லை. அன்றியும் முதிர்ந்த கலங்களின் இழைகள் மிக நீண்டு, ஒரே சீவலில் அடங்காது அறுபட்டுப்போகின்றன. ஆதலால் உறை தோன்றுவதற்கு முந்திய பருவத்திலேயே நரம்பிழையத்தை ஆராய்தல் வேண்டும் என அவர் துணிந்தார். முதிர்ந்த காட்டினுள் நுழைந்து திகைப்பதை விடுத்து, இளமரங்களின் நாற்றுமேடையை ஏன் ஆராயக்கூடாது என்பது அவர் தந்த உவமையாகும். கோழியின் முளையங்களையும், பறவைகளினதும் முலையூட்டிகளினதும் குஞ்சுகுட்டிகளையும் அவர் எடுத்துக்கொண்டார். ஒருமுறை தோய்த்தது போதாதபோது இருமுறை தோய்த்தார்; சீவல்களைத் தடிப்பாக வெட்டினார். முன்னர் தற்செயலாகக் கிட்டிய காட்சி இப்போது தொடர்ந்து கிட்டலாயிற்று.

1888 – பார்சிலோனாவின் அறுவடை

1887இன் இறுதியில் பார்சிலோனாப் பல்கலைக்கழகத்துக்கு மாறிய கஹால், அடுத்த ஆண்டைத் தம் வாழ்வின் உச்ச ஆண்டு எனக் கருதினார். பறவைகளின் மூளியை ஆராய்ந்தபோது, சில கலங்களின் இழைகள் பெரிய புர்க்கிஞ்சிக் கலங்களின் உடலைச் சூழ்ந்து கூடைபோற் பின்னி நிற்பதைக் கண்டார். அவ்விழைகள் கலத்தைத் தழுவின. ஆனால் அதனுட் கலக்கவில்லை. ஒவ்வோர் இழையும் எங்கோ ஓரிடத்தில் தனித்து முடிவடைந்தது. வலை எங்கும் காணப்படவில்லை. விழித்திரையிலும் முண்ணாணிலும் நோக்கியபோதும் இதே செய்தி கிடைத்தது. நரம்புக்கலங்கள் தனித்தனியானவை, அவை தொடுகையாற் செய்தி கடத்துவன, உடலோடு உடல் கலப்பன அல்ல.

இதனை உலகுக்கு உரைக்க ஏடொன்று தேவைப்பட்டது. வெளிநாட்டு ஏடுகளின் காலத்தாழ்வைப் பொறுக்கமாட்டாது, 1888 மே மாதத்தில் இழையவியலுக்கெனக் காலாண்டிதழொன்றைத் தம் சொந்தச் செலவிலேயே தொடங்கினார். அறுபது பிரதிகளே அச்சாயின. அவற்றுட் பெரும்பாலானவை வெளிநாட்டு அறிஞருக்கே அனுப்பப்பட்டன. முதலிதழின் கட்டுரைகள் அவர் எழுதியவை. படங்கள் அவர் வரைந்தவை. பெருகிவந்த குடும்பத்தின் செலவைச் சுருக்கி இம்முயற்சிக்கு இடமளித்தவர் அவருடைய மனைவி சில்வேரியா பஞ்ஞானாஸ் என்பதைக் கஹால் நன்றியுடன் பதிவுசெய்துள்ளார். அறிவியல் வரலாற்றின் பக்கங்களில் இத்தகைய பெண்களின் பெயர் அரிதாகவே காணப்படுகின்றது.

இதழ் சென்றது, மறுமொழி வரவில்லை. ஸ்பானிய மொழியை அறிந்த இழையவியலார் ஐரோப்பாவில் மிகச் சிலரே. ஸ்பெயினிலிருந்து அறிவியற் செய்தி வரக்கூடும் என எதிர்பார்த்தவர் அதனினும் சிலர். அறிவுலகின் பெருமொழிகளாக மதிக்கப்படாத மொழியொன்றில் எழுதப்பட்ட உண்மை, உண்மையாக இருந்தும் கேட்பாரற்றுக் கிடந்தது. கஹால் தம் கட்டுரைகளுட் சிலவற்றைப் பிரெஞ்சு மொழியில் வெளியிடலானார். அதுவும் போதவில்லை.

பேர்லினில்

1889ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் ஜேர்மானிய உடற்கூற்றியற் சங்கம் பேர்லினிற் கூடியது. கஹால் தம் சேமிப்பைச் செலவிட்டு, நுணுக்குக்காட்டியையும் தயாரிப்புக்களையும் சுமந்துகொண்டு அங்கே சென்றார். சரளமற்ற பிரெஞ்சில் விளக்கம் கூறியவரை முதலிற் பலர் ஐயத்துடனேயே நோக்கினர். ஆயினும் அவர் சொல்லை நம்புமாறு எவரையும் வேண்டவில்லை. கண்ணை வைத்துப் பார்க்குமாறே வேண்டினார்.

பார்த்தவர்களுள் முதன்மையானவர் அல்பேர்ட் கொலிக்கர். அப்போது அவருக்கு வயது எழுபத்திரண்டு. ஐரோப்பிய இழையவியலின் மூத்த பேரறிஞர். வலைக்கொள்கையை ஆதரித்து வந்தவர். தயாரிப்புக்களைக் கண்டதும் அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். தாமே அம்முறையைச் செய்து பார்த்துக் கஹாலின் முடிபுகளை உறுதிப்படுத்தினார். கஹாலின் கட்டுரைகளை வாசிப்பதற்காக ஸ்பானிய மொழியையும் கற்றார். புதியதைக் கண்ட இளைஞரின் ஊக்கத்தினும், பழையதைக் கைவிட்ட முதியவரின் பெருந்தன்மை எவ்வகையிலும் குறைந்ததன்று.

இக்கருத்தின் பெருமை முழுவதும் கஹால் ஒருவருக்கே உரியதன்று என்பதும் கூறப்படவேண்டும். 1886இல் வில்ஹெல்ம் ஹிஸ் முளையங்களின் வளர்ச்சியைக் கொண்டும், 1887இல் ஒகஸ்ற் பொரெல் சிதைவுற்ற நரம்புகளைக் கொண்டும் இதனை ஒத்த முடிபுகளை எய்தியிருந்தனர். ஆனால் அவர்கள் உய்த்துணர்ந்ததைக் கண்முன் காட்டியவர் கஹாலே. 1891இல் வால்டேயர் இச்சான்றுகளைத் தொகுத்து எழுதிய கட்டுரையில் நரம்புக்கலத்துக்கு 'நியூரோன்' எனப் பெயரிட்டார். அதுமுதல் இது நரம்புக்கலக் கொள்கை என வழங்கலாயிற்று.

கஹாலின் வேட்கை அவ்வளவில் அடங்கவில்லை. வளரும் நரம்பிழையின் நுனியிற் கூம்பு வடிவமான பகுதியொன்று உண்டென்றும், அதுவே வழி தேடிச் செல்கின்றது என்றும் 1890இற் காட்டினார். கிளைகள் வழியாகச் செய்தி கலத்தினுள் வருகின்றது, நீண்ட இழை வழியாக வெளிச்செல்கின்றது என்னும் ஒருதிசை விதியை 1891ஆம் ஆண்டளவில் வகுத்தார். அசையாத, உயிரற்ற சீவலிலிருந்து உயிருள்ள செய்தியின் போக்கை உய்த்துணர்ந்தமை அவரது ஆற்றலுக்குச் சான்றாகும். 1892இல் மட்றிட் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1894இல் இலண்டன் றோயல் சங்கத்தின் குரூனியன் விரிவுரையை நிகழ்த்தினார். அப்போது அவரைத் தம் இல்லத்தில் வைத்து உபசரித்த செரிங்ரன், மூன்றாண்டுகளின் பின் 1897இல், கலமும் கலமும் சந்திக்கும் இடத்துக்குச் 'சினாப்சு' என்னும் பெயரை வழங்கினார்.

ஸ்ரொக்ஹோம் மேடை

1906ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கொல்கிக்கும் கஹாலுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. முறையைத் தந்தவரும், அம்முறையைக் கொண்டு முறை தந்தவரின் கொள்கையையே மறுத்தவரும் ஒரே மேடையில் நின்றனர். டிசம்பர் 11ஆந் திகதி உரையாற்றிய கொல்கி, நரம்புக்கலக் கொள்கையையே தம் உரைப்பொருளாக எடுத்து அதனைக் கண்டித்தார். மூளை ஒருங்கே இயங்குவது என்னும் தம் கருத்தை விட்டுக்கொடுக்க அவர் இசையவில்லை. மறுநாள் உரையாற்றிய கஹால், நரம்புக்கலங்களின் அமைப்பையும் தொடர்பையும் பற்றித் தாம் கண்ட சான்றுகளை எடுத்துரைத்தார்.

கொல்கியை அறிவிலியாகக் கருதுதல் பெருந்தவறாகும். அவரது முறை இன்றேல் கஹால் இல்லை. 1898இல் அவர் கலத்தினுட் கண்ட நுண்ணுறுப்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அத்தகையவரே தாம் செய்த கருவி காட்டிய உண்மையைக் காண மறுத்தார். தம் கண்டுபிடிப்பின்மீது கொண்ட பற்று, அக்கண்டுபிடிப்பின் விளக்கத்தின்மீது கொண்ட பற்றாக மாறியமையே அதற்குக் காரணமெனலாம். கொலிக்கருக்கும் கொல்கிக்கும் இடையிலான வேறுபாடு அறிவின் வேறுபாடன்று, மனத்தின் வேறுபாடாகும்.

வேட்கையின் எல்லை

இக்குறைக்குக் கஹாலும் முற்றிலும் புறம்பானவர் அல்லர். மூளையில் நரம்புக்கலங்களைத் தவிர வேறு துணைக்கலங்களும் உள்ளன. 1913இல் தாம் வகுத்த பொன்னுப்பு முறையால் அவற்றுள் ஒருவகையைத் தெளிவாகக் காட்டிய கஹால், எஞ்சியவற்றை 'மூன்றாம் கூறு' என ஒதுக்கினார். அவருடைய ஆய்வுகூடத்திற் பணியாற்றிய பியோ டெல் ரியோ ஒர்ட்டேகா புதிய வெள்ளிமுறையொன்றைக் கையாண்டு, அக்கூறு உண்மையில் இருவேறு கலவகைகளைக் கொண்டது என 1919ஆம் ஆண்டளவிற் காட்டினார். ஆசிரியர் அதனை முழுமையாக ஏற்கத் தயங்கினார். கருத்து முரண்பாட்டுடன் மனக்கசப்பும் சேர்ந்து, 1920இல் ரியோ ஒர்ட்டேகா அவ்வாய்வுகூடத்தை விட்டு நீங்க நேர்ந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் மாணவரின் பக்கமே உண்மை இருந்ததெனக் காட்டின. முப்பது ஆண்டுகளுக்கு முன் பேர்லினில் இளைஞராக நின்றவர், இப்போது முதியவராக அமர்ந்திருந்தார்.

கஹாலின் கொள்கையும் காலத்தின் சோதனைக்கு உட்பட்டது. 1934 ஒக்ரோபர் 17ஆந் திகதி அவர் மட்றிட்டிற் காலமானார். 1950களில் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு சினாப்சு நோக்கப்பட்டபோது, இரு கலங்களுக்கிடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டென்பது ஐயமற நிறுவப்பட்டது. கஹாலின் கண்ணும் நுணுக்குக்காட்டியும் எட்ட முடியாத அவ்விடைவெளி, அவர் கூறியவாறே இருந்தது. ஆயினும் 1959இல் நன்னீர்ச் சிங்கி இறாலின் நரம்புகளை ஆராய்ந்த பேர்ஷ்பானும் பொற்றரும், சில இடங்களில் மின்னோட்டம் கலத்திலிருந்து கலத்துக்கு நேரடியாகவே செல்கின்றது எனக் காட்டினர். முதிர்ந்த மூளையிற் புதிய நரம்புக்கலங்கள் தோன்றா என்ற கருத்தும், 1960களில் எலிகளை ஆராய்ந்த ஆல்ற்மனின் முடிபுகளால் அசைக்கப்பட்டது. கொள்கையின் அடித்தளம் நின்றது. அதன் சில மதில்கள் திருத்தியமைக்கப்பட்டன.

முடிவுரை

கஹாலின் வாழ்விலிருந்து பெறப்படும் உண்மைகள் சில உள. புதியதைக் கண்டு வியத்தல் ஆராய்ச்சியின் தொடக்கம் மட்டுமே. அவ்வியப்பு "ஏன்" என்ற கேள்வியாகவும், அக்கேள்வி இரவுபகலான உழைப்பாகவும் மாறினாலன்றிப் பயன் விளைவதில்லை. வறுமையும், நாட்டின் பின்தங்கிய நிலையும், மொழியின் தனிமையும் தடைகளே. ஆனால் கடக்கவியலாத தடைகள் அல்ல. அவற்றைக் கடப்பதற்கு ஒரு மனிதர் செலுத்தவேண்டிய விலையும் சிறியதன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்டதன்மீது கொள்ளும் பற்று காண்பதற்குத் தடையாகிவிடல் ஆகாது. கொல்கி அதில் இடறினார். கொலிக்கர் அதனை வென்றார். கஹால் ஒருகால் வென்றும் பிறிதொருகால் இடறியும் மனிதராகவே வாழ்ந்தார்.

கஹாலினதும் அவர் வழிவந்த ஸ்பானிய நரம்பிழையவியலாரினதும் ஆவணங்கள் 2017ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டன. அவர் வரைந்த படங்கள் இன்றும் நரம்பியல் நூல்களில் இடம்பெறுகின்றன. மூளையை ஆராயும் கருவிகள் அன்றிருந்தவற்றோடு ஒப்பிடவொண்ணாத அளவு வளர்ந்துவிட்டன. எனினும் அக்கருவிகள் தேடிச்செல்லும் கலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியது, தந்தை வீண்வேலை எனத் தடுத்த சித்திரம் பயின்ற கைதான் என்பதை வரலாறு மறக்கவியலாது.